இடைஞ்சல் செய்தவர் யார்?

2019 அக்டோபர் 11. வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்றம் கூடும் கேபிடல் கட்டடத்தின் படிகளில், சிவப்புக் கோட் அணிந்து நின்ற ஒரு மூதாட்டியைக் காவலர்கள் கைது செய்தார்கள். அவர் நடிகை ஜேன் ஃபோண்டா. அப்போது அவருக்கு வயது 81. புவி வெப்பமாவதைத் தடுக்க அரசு உடனே செயலில் இறங்க வேண்டும் என்று கேட்டு, வெள்ளிக்கிழமைதோறும் அங்கே வந்து நிற்பதென்று அவர் முடிவெடுத்திருந்தார். அவர்மீது எழுதப்பட்ட குற்றத்தில் மூன்று வினைகள் இருந்தன: கூட்டமாக அடைத்தல், தடுத்தல், இன்கமோட் செய்தல். முதல் இரண்டும் அங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள். மூன்றாவது, இன்றைய அமெரிக்கர் பேச்சில் அநேகமாக இல்லாத சொல். ஒருவருக்கு இடைஞ்சல் தருவது, அவருடைய வசதியைக் கெடுப்பது என்பது அதன் பொருள்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் இந்தச் சொல்லுக்குக் காவல் நிலையத்தில் வேலை இல்லை. அது வரவேற்பறையில் புழங்கிய சொல். சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிய விருந்தாளி சொல்வார். நான்கு பேர் உட்காரும் குதிரை வண்டியில் ஐந்தாவதாக ஏறியவர் சொல்வார். உதவி கேட்டுக் கடிதம் எழுதுபவர் முதல் வரியிலேயே சொல்வார். உங்களை இன்கமோட் செய்துவிட்டேனோ என்ற அந்தக் கேள்வி, நம் வீடுகளில் ‘உங்களுக்கு ரொம்பச் சிரமம் கொடுத்துட்டேன்’ என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்கிறோமே, அந்த இடத்தில் இருந்தது. மனிதர்கள் மட்டுமல்ல, கணப்பின் புகையும் கோடை வெக்கையும் கீல்வாதமும்கூட அந்தக் காலத்துக் கடிதங்களில் ஆட்களை இன்கமோட் செய்தன.

லத்தீனில் ‘மோடுஸ்’ என்றால் அளவு. அளவோடு ஒத்துப்போவது, பொருந்தி வருவது, அதனால் வசதியானது ‘கொம்மோடுஸ்’. அதற்கு எதிர்மறை சேர்த்த வினை பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தது. அதே பொருளில் ‘டிஸ்கமோட்’ என்ற தம்பியும் 18ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தான். இரண்டுக்கும் பொருளில் வேறுபாடு சொல்வது கடினம். அயர்லாந்தின் ஆங்கிலத்தில் தம்பி இன்னும் நடமாடுகிறான். மற்ற இடங்களில் இருவருமே முதியவர்கள்.

சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில், இன்கமோட் என்பதற்குப் பெரிய கேடு எதுவும் விளைக்காமல் ஒருவரைத் தடுப்பது, சங்கடப்படுத்துவது என்ற பொருளைத் தருகிறார். அந்த ‘பெரிய கேடு இல்லாமல்’ என்பதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 1828இல் அகராதி வெளியிட்ட நோவா வெப்ஸ்டரும் அதே நிறுவையைத்தான் பிடிக்கிறார்: எரிச்சலூட்டுவது, அலைக்கழிப்பது போன்ற வினைகளைவிட இது சற்றுக் குறைவானது. அவர் தரும் எடுத்துக்காட்டுகள் ஒரு காலத்தின் வாழ்க்கையையே காட்டுகின்றன. தாராளமாக உட்கார இடம் இல்லாதது நம்மை இன்கமோட் செய்யும். அகால வேளையில் வந்து நிற்கும் அந்நியர் ஒரு குடும்பத்தையே இன்கமோட் செய்வார். நாகரிகத்துக்காக மாட்டிக்கொண்ட உடையும் பல சமயம் அதைச் செய்யும்.

இந்த அளவுணர்வுக்காகவே இந்தச் சொல்லை நான் மதிக்கிறேன். துன்பத்துக்கும் எரிச்சலுக்கும் கீழே, ஆனால் ஒன்றுமில்லை என்று தள்ளிவிட முடியாத இடத்தில் ஒரு தொல்லை இருக்கிறது. அதை அந்த எடைக்கே நிறுத்துச் சொல்ல ஒரு வினை வேண்டியிருந்தது. அடுத்தவருடைய நேரம், இடம், தூக்கம் ஆகியவை அவருடைய உடைமை, நான் அதற்குள் கால் வைத்துவிட்டேன் என்று சொல்லும் வினை அது.

ஆனால் அந்த மரியாதை எல்லோருக்கும் கிடைத்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வசதி இருப்பவரைத்தான் இன்கமோட் செய்ய முடியும். நள்ளிரவில் வந்த விருந்தாளி வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த விருந்தாளிக்காக எழுந்து அடுப்பு மூட்டி, வெந்நீர் சுமந்து, மெத்தை விரித்த பணிப்பெண்ணிடம் யாரும் இந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அவளுக்கு நேர்ந்தது வேலை. வேலையை இடைஞ்சல் என்று அந்தக் காலம் எண்ணவில்லை.

இதே வேரில் பிறந்த இன்னொரு சொல் நம் வீட்டுக்குள் இருக்கிறது. அதுதான் கம்மோட். வசதியானது என்ற பொருளுள்ள பிரெஞ்சுப் பெயரடை முதலில் பல பொருள்களுக்குப் பெயரானது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், கம்பிச் சட்டம் வைத்துக் கூந்தலுக்கு மேலே உயர்த்திக் கட்டிய சீமாட்டிகளின் தலையணிக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். பிறகு இழுப்பறைகள் வைத்த அழகிய அலமாரிக்கு அந்தப் பெயர் வந்தது. பதினான்காம் லூயி மன்னரின் ட்ரியானோன் மாளிகைக்காக ஆந்த்ரே-சார்ல் பூல் என்ற தச்சுக் கலைஞர் 1708 வாக்கில் செய்து கொடுத்த கம்மோடுகள் இன்றும் அறைகலன் வரலாற்றில் பேசப்படுகின்றன. அதன்பின், இரவில் எழுந்து வெளியே போகாமல் இருக்க, அடியில் பானை வைத்து மேலே மூடி போட்ட நாற்காலிக்கு இங்கிலாந்தில் அந்தப் பெயரைக் கொடுத்தார்கள். வாய்விட்டுச் சொல்லக் கூசிய ஒன்றுக்கு அலமாரியின் பெயரை வைத்து மறைத்தார்கள். மறைத்த பெயரே இங்கே நிலைத்துவிட்டது. இன்று கல்யாண மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் மூட்டுவலிக்காரப் பெரியவர்களை நினைத்து ‘கம்மோட் இருக்கா?’ என்று கேட்கிறார்கள். மன்னர் மாளிகையில் இருந்து வந்த சொல்லுக்கு இதைவிட நல்ல வேலை கிடைத்திருக்க முடியாது.

வினைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 19ஆம் நூற்றாண்டு முழுக்க அது புத்தகங்களில் இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் மெல்லத் தேய்ந்து, பழைய நாவல் படிப்பவருக்கு மட்டும் தெரிந்த சொல்லாயிற்று. நடு வீட்டுப் பேச்சில் ‘பாதர்’, ‘டிரபிள்’ போன்ற சிறிய சொற்கள் அதன் இடத்தை எடுத்துக்கொண்டன. அதில் எனக்கு வருத்தமில்லை. பேச்சு எப்போதும் குட்டையான சொல்லைத் தேடும். வருத்தம் வேறு இடத்தில். பொது இடங்களில், அலுவல் கடிதங்களில், நிலைய ஒலிபெருக்கிகளில் அதன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தது ‘இன்கன்வீனியன்ஸ்’. அதுவும் பழைய சொல்தான், அதற்கு வினை வடிவமும் உண்டு. ஆனால் நிறுவனங்கள் பெரும்பாலும் பெயர்ச்சொல்லைத்தான் எடுத்துக்கொண்டன.

ரயில் தாமதம் என்று அறிவிக்கும் குரலை நினைத்துப் பாருங்கள். பயணிகளுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். அசௌகரியம் ‘ஏற்பட்டது’. மழை பெய்வதுபோல் அது தானாக வந்தது. அதை ஏற்படுத்தியவர் அந்த வாக்கியத்தில் இல்லை. ஆங்கில அறிவிப்பிலும் அப்படித்தான், செய்தவர் இல்லாமலே செயல் நடந்து முடிந்திருக்கும். சில நிறுவனங்கள் இன்னும் ஒரு படி போய், அசௌகரியம் ‘ஏதேனும் ஏற்பட்டிருந்தால்’ என்கின்றன. ஐந்து மணி நேரம் நடைமேடையில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தவருக்கு அசௌகரியம் ஏற்பட்டதா என்பதே அங்கே சந்தேகத்துக்கு உரியதாகிவிடுகிறது.

இன்கமோட் என்ற வினையைச் சொன்னால் இது முடியாது. அதற்கு ஓர் எழுவாய் வேண்டும், ஒரு செயப்படுபொருள் வேண்டும். நான் உங்களை. செய்தவரும் பட்டவரும் ஒரே வாக்கியத்தில் எதிரெதிரே நிற்பார்கள். வரவேற்பறையில் அந்தச் சொல்லுக்கு இருந்த மதிப்பு அதன் நாகரிகத்தால் மட்டும் வந்ததல்ல. சொல்பவர் பொறுப்பைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டார் என்பதால் வந்தது. ‘சிரமம் கொடுத்துட்டேன்’ என்ற நம் வாசல் வாக்கியத்திலும் அந்த ‘ஏன்’ விகுதி இன்னும் உயிரோடு இருக்கிறது.

மற்ற மொழிகளில் இந்தக் குடும்பம் நலமாகவே வாழ்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் புகை உங்களை இன்கமோட் செய்கிறதா என்று கேட்பார்கள். வெக்கையில் லேசாகத் தலை சுற்றி உட்கார்ந்தவரையும் அதே வினையால் குறிப்பார்கள். இத்தாலியில் ஒரு வீட்டுக்குள் நுழையும்போது வீட்டுக்காரர் நாற்காலியில் இருந்து எழப் போனால், ‘ஸ்கோமொதாரே’ என்ற வினையை வைத்து, எழுந்திருக்க வேண்டாம் என்று தடுப்பார்கள். டிஸ்கமோட்டின் நேர் உறவு அது. போர்த்துகீசிய மொழியிலும் ‘இன்கொமொடார்’ அன்றாடச் சொல். ஆங்கிலத்தில் மட்டும் இது தளர்ந்துபோனது.

தளர்ந்தாலும் ஓர் இடத்தில் வேர் பிடித்துக்கொண்டது. 1892 ஜூலை 29 அன்று, வாஷிங்டன் நகரின் பொது அமைதிக்காக அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. தெருவில் கூடிக் கூச்சல் போடுவது, வருவோர் போவோரை இழிவாகப் பேசுவது, ஆபாசமாகச் சைகை செய்வது எல்லாம் அதில் குற்றம். அதோடு, தெருவையும் நடைபாதையையும் மக்கள் தடையின்றிப் பயன்படுத்துவதைக் கூட்டமாக அடைத்தோ, தடுத்தோ, இன்கமோட் செய்தோ கெடுக்கக் கூடாது என்றும் எழுதினார்கள். சட்டம் எழுதுகிறவர்கள் ஒன்று போதுமான இடத்தில் மூன்று சொல் வைப்பது வழக்கம். ஒன்றில் தப்பினால் இன்னொன்றில் பிடிபட வேண்டும். அன்றைக்கு அந்தச் சொல் யார் காதையும் உறுத்தியிருக்காது. படித்தவர் எல்லாருக்கும் தெரிந்த வினைதான் அது. தெருமுனைப் போக்கிரிகளை மனத்தில் வைத்து எழுதியதுபோலத்தான் அந்தச் சட்டத்தைப் படித்தால் தோன்றுகிறது.

25 ஆண்டுகள் கழித்து அந்தச் சட்டத்தின் முன் வந்து நின்றவர்கள் போக்கிரிகள் அல்லர். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டவர்கள். 1917 ஜனவரி 10 அன்று, ஆலிஸ் பால் தலைமையிலான தேசிய பெண்கள் கட்சியினர் வெள்ளை மாளிகையின் வாயிலில் பதாகைகளோடு வந்து நின்றார்கள். முழக்கம் இல்லை, பாட்டு இல்லை. வாய் திறக்காமல் நிற்பதே அவர்கள் வழி. குளிரிலும் மழையிலும் மாதக்கணக்கில் நின்றார்கள். ஏப்ரலில் அமெரிக்கா உலகப் போரில் இறங்கிய பிறகும் அவர்கள் போகவில்லை. ஜனநாயகத்துக்காக வெளிநாட்டில் போரிடும் அதிபர் உட்ரோ வில்சன், வீட்டுக்குள் இருக்கும் இரண்டு கோடிப் பெண்களுக்கு வாக்கு மறுக்கிறார் என்று பதாகையில் எழுதினார்கள். ஆத்திரமடைந்த கூட்டம் பதாகைகளைப் பிடுங்கிக் கிழித்தது. ஜூன் 22 முதல் கைதுகள் தொடங்கின. கிழித்தவர்கள் கைதாவதைவிட நின்றவர்கள் கைதாவதே வழக்கமாயிற்று. போக்குவரத்துக்கு, நடைபாதைக்கு இடைஞ்சல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு.

முதலில் தண்டிக்கப்பட்ட ஆறு பெண்களுக்கு 25 டாலர் அபராதம், அல்லது மூன்று நாள் சிறை. அபராதம் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும் என்று சொல்லிச் சிறைக்குப் போனார்கள். ஜூலை 14 அன்று பிடிபட்ட 16 பேருக்கு 60 நாள். அக்டோபரில் ஆலிஸ் பாலுக்கு ஏழு மாதம். சிறையில் அவர் உண்ணாநோன்பு இருந்தார். குழாய் வைத்து வலுக்கட்டாயமாக உணவு செலுத்தினார்கள். நவம்பர் 14 இரவு, வர்ஜீனியாவின் ஆக்கக்வான் சிறைப் பண்ணையில் காவலர்கள் புதிதாக வந்த பெண்களை இழுத்துத் தள்ளி அடித்தார்கள். லூசி பர்ன்ஸின் கைகளை அறைக் கம்பியில் தலைக்கு மேலே விலங்கிட்டு இரவு முழுக்க நிற்க வைத்தார்கள். பெரிய கேடு இல்லாத சிறு தொல்லை என்று ஜான்சன் நிறுத்துக் கொடுத்த செயலுக்கு இதுதான் கிடைத்த தண்டனை. தராசின் ஒரு தட்டில் நடைபாதையில் சற்று ஒதுங்கிப் போக வேண்டிய சிரமம், மறு தட்டில் உடைந்த உடம்புகள். இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது.

வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 1918 மார்ச் 4 அன்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பெண்களின் பக்கம் தீர்ப்பளித்தது. கூடி நிற்பது மட்டுமே குற்றம் ஆகாது, கூடியவர்கள் சட்டம் தடுக்கும் செயலைச் செய்திருக்க வேண்டும். குற்றச்சாட்டோ சட்டத்தின் சொற்களையே திருப்பிச் சொல்கிறது, அவர்கள் என்ன செய்து நடைபாதையை அடைத்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. இதுதான் நீதிமன்றத்தின் வாதம். செய்த செயலைக் காட்டாமல் ஒருவர்மீது வினையை ஏற்ற முடியாது என்பதை இதைவிடத் தெளிவாக ஓர் இலக்கண ஆசிரியராலும் சொல்ல முடியாது. 1920 ஆகஸ்ட் 18 அன்று டென்னசி ஒப்புதல் தந்ததும், பெண்களுக்கு வாக்குரிமை தரும் 19ஆவது திருத்தம் அரசியல் சட்டத்தில் ஏறியது.

பெண்கள் வென்றார்கள். சட்டமும் நிலைத்தது. திருத்தப்பட்டு, பிரிவு எண் மாறி, அதே மூன்று வினைகளோடு இன்றும் இருக்கிறது. 90 நாள் வரை சிறை, 500 டாலர் வரை அபராதம். 2018 அக்டோபர் 4 அன்று, உச்ச நீதிமன்றத்துக்கு பிரெட் கவனாவை நியமிப்பதை எதிர்த்து செனட் அலுவலகக் கட்டடங்களில் திரண்ட 302 பேர் இந்தப் பிரிவில் கைதானார்கள். 2022 ஜூலை 19 அன்று, கருக்கலைப்பு உரிமையை நீக்கிய தீர்ப்பைக் கண்டித்து உச்ச நீதிமன்றத்தின் முன் சாலையில் உட்கார்ந்தவர்களில் 17 பேர் நாடாளுமன்ற உறுப்பினர்கள். அவர்களுக்கும் இதே பிரிவுதான். முன்னவர் பட்ட பாடு இவர்களுக்கு இல்லை என்பதும் உண்மை. பெரும்பாலானவர்கள் சிறு தொகை கட்டிவிட்டு அன்றே வீட்டுக்குப் போகிறார்கள். குற்றத்தின் எடைக்கு ஏற்ற தண்டனை, நூறு ஆண்டு தாமதமாக.

நம் ஊரிலும் சாலை மறியல் செய்தவர்கள்மீது ‘பொதுமக்களுக்கும் போக்குவரத்துக்கும் இடையூறு ஏற்படுத்தியதாக’ வழக்கு என்று நாளிதழில் படிக்கிறோம். பொது வழியை மறிப்பதற்கு 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் வைத்திருந்த அபராத உச்சம் 200 ரூபாய். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் அது 5,000 ரூபாய். குடிநீர் வரவில்லை என்று காலிக் குடங்களோடு சாலையில் உட்காரும் பெண்களுக்கு இடையூறு செய்தவர் யார் என்று கேட்க எந்தப் பிரிவும் இல்லை. அவர்களுடைய வீட்டுக் குழாயில் தண்ணீர் வராதது ‘தடங்கல் ஏற்பட்டது’ என்று செய்தவர் இல்லாமல் எழுதப்படுகிறது. அவர்கள் சாலையில் உட்கார்ந்ததற்கு மட்டும் எழுவாய் இருக்கிறது. பெயர், தந்தை பெயர், முகவரி உட்பட.

பழைய வினை இன்று யாரிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் இதுதான் தெரிகிறது. நிறுவனங்கள் அசௌகரியம் ‘ஏற்பட்டது’ என்று சொல்லி வாக்கியத்தில் இருந்து விலகிவிட்டன. தெருவில் உட்காருபவர்தான் ‘நான் உங்களுக்கு இடைஞ்சல் செய்கிறேன், தெரிந்தே செய்கிறேன்’ என்று சொல்லும் கடைசி ஆள். மாட்டிக்கொள்ளும் ஆம்புலன்ஸையும் கூலி போகும் தொழிலாளியையும் மறந்து இதைச் சொல்லிவிட முடியாது. அவர்களுக்கு வழிவிடுவது போராடுகிறவரின் கடமை, பல இடங்களில் விடுகிறார்கள். அதையும் பொறுப்பேற்ற ஒருவர்தான் செய்ய முடியும்.

வாஷிங்டனில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. கூட்டத்தைக் கலைந்து போகச் சொல்லிக் கேபிடல் காவலர்கள் பொதுவாக மூன்று முறை எச்சரிப்பார்கள். போராட்டத்தை நடத்துபவர்கள் அதற்கு முன்பே ஆட்களை உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்குவார்கள்: எந்தப் பிரிவில் பிடிப்பார்கள், என்ன தண்டனை, மருந்து சாப்பிடுகிறவர்கள் என்ன செய்ய வேண்டும். இன்கமோட் என்றால் என்ன என்று பலர் முதன்முதலாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது அங்கேதான். கைதாக விரும்பாதவர்கள் எச்சரிக்கைகள் முடிவதற்குள் ஒதுங்கிப் போகலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை. மூன்றாவது எச்சரிக்கைக்குப் பிறகும் அங்கேயே இருப்பவர்கள், அந்த வினைக்குத் தாங்கள்தான் எழுவாய் என்று தெரிந்தே இருக்கிறார்கள். 2019 டிசம்பர் 20 அன்று, தன் 82ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், ஜேன் ஃபோண்டா ஐந்தாவது முறையாக அப்படி இருந்தார்.